தெற்குக்கு அநீதி

லோரிங் ஃபெர்ரி, தென் கரோலினா
12 நவம்பர் 1922

அன்புள்ள லெம் அண்ணாவுக்கு,

பள்ளிக்கூடத்தைப் போன வாரம் திறந்துவிட்டேன். வழக்கமாகப் பருத்தி எடுத்து முடிந்த பிறகுதான் பிள்ளைகள் வருவார்கள். இந்த வருடம் எடுப்பதற்கே பருத்தி இல்லை, வண்டு தின்றுவிட்டது. ஊரே அந்த வண்டைச் சபித்துக்கொண்டிருக்கிறது. என் வகுப்பு மட்டும் நிறைந்திருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வேடிக்கை நடந்தது. வெள்ளையர் பள்ளியில் கழித்ததெல்லாம் நம் பள்ளிக்கு வந்து சேருவது உனக்குத் தெரிந்ததுதான். கால் ஒடிந்த பெஞ்சு, புளோரிடா கிழிந்துபோன வரைபடம், முன்பக்கம் முழுக்கக் கிறுக்கல் உள்ள புத்தகம். நாம் படித்த புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கங்கள் இருந்ததே இல்லை. கதைகளுக்கு நீதான் முடிவு சொல்வாய். ராஜா கதையோ கப்பல் கதையோ, உன் முடிவில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிகளின் மேற்பார்வையாளர் லாஃப்டன் துரை அனுப்பியதாக ஒரு கோவேறு கழுதை வண்டி வந்தது. உள்ளே ஒரு பெட்டி. நான் தங்கியிருக்கும் வீட்டு வின்னி அக்காதான் ஆணியைப் பிடுங்கித் திறந்தாள்.

"இதென்னடி டோஷா, ஈகூட உக்காராத புத்தகமா வந்திருக்கு? செத்தவங்க வீட்டுச் சட்டை மாதிரி இருக்கே, யாரும் போட்டுக்கலையா?" என்றாள்.

எல்லாம் சரித்திரப் புத்தகங்கள். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் அச்சானவை. கடைசிப் பக்கம் வரை இருக்கிறது! ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஊதா மையில் ஒரே முத்திரை: தெற்குக்கு அநீதி.

என்ன நடந்தது என்று விசாரித்தேன். நீதிமன்றத்து வாசலில் போர்வீரன் சிலை வைத்தார்களே, திருமதி கார்வில்லின் மாதர் சங்கம், அவர்கள்தான் வெள்ளையர் பள்ளிப் புத்தகங்களையும் ஊர் நூலகத்தையும் சோதித்திருக்கிறார்கள். வடக்குக்கும் தெற்குக்கும் அடிமை முறைக்காகத்தான் போர் வந்தது என்று சொல்கிற புத்தகத்துக்கெல்லாம் முத்திரை குத்தி, இனி எங்கள் பிள்ளைகள் இதைத் தொடக்கூடாது என்று லாஃப்டன் துரையிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் என்ன செய்வார்? கழித்த சாமான் எங்கே போகும்? பழக்கதோஷம். வண்டியில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டார்.

அண்ணா, நான் முத்திரையைத் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்துச் சிரித்தேன்.

உன் டோஷா


பிலடெல்பியா
20 நவம்பர் 1922

டோஷாவுக்கு,

உன் கடிதத்தை ரயில் நிலையத்தில், நான் தூக்க வேண்டிய பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் புத்தகங்களைத் திரும்பப் பெட்டியில் போட்டு ஆணி அடி. கேட்டால் திறக்கவில்லை என்று சொல். அந்த ஊர் தப்பாக ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க வரும். சும்மா வாங்கிக்கொண்டு போகாது. கூட எதையாவது எடுத்துக்கொண்டுதான் போகும்.

இன்னொரு விஷயம். நம் தேவாலயத்துப் பெரியவர் ஒருவர் இங்கே நூலகத்தில் இருக்கிறார். குழந்தைகள் பிரிவுக்கு ஒரு கறுப்பினப் பெண்ணை எடுக்கப்போகிறார்களாம். உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். ஜனவரி முடிவதற்குள் பதில் வேண்டும். உனக்காக இடெல்லா இப்போதே மாடி அறைக்குத் திரைச்சீலை தைத்துவிட்டாள். உன் அண்ணிக்கு ஒருவரும் மறுப்புச் சொன்னதில்லை, நினைவிருக்கட்டும்.

இங்கே குளிர்தான். ஆனால் இரவில் கதவைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரை கேட்க வந்திருப்பார். அவ்வளவுதான்.

வந்துவிடு.

லெம்


லோரிங் ஃபெர்ரி
29 நவம்பர் 1922

அன்புள்ள அண்ணா,

ஆணி அடிக்கவில்லை. மன்னித்துக்கொள். உன் கடிதம் வருவதற்குள் புத்தகங்கள் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டன.

ஒரு புத்தகத்தின் பின்னிணைப்பில் நம் மாநிலத்தின் அறிக்கையை முழுசாகப் போட்டிருக்கிறார்கள். அறுபது வருடத்துக்கு முன்னால் இந்த நாட்டை விட்டு முதலில் பிரிந்தது நாம்தானே. (நாம் என்று எழுதிவிட்டேன், பார்.) ஏன் பிரிகிறோம் என்று உலகத்துக்கு அவர்களே காரணம் சொல்லி எழுதியது. நான் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர படித்ததில்லை. சுற்றி வளைக்கவே இல்லை, அண்ணா. பக்கத்துக்குப் பக்கம் அடிமை, அடிமை, அடிமை. வடக்கத்தியார் எங்கள் அடிமைகளை ஊரை விட்டுப் போகத் தூண்டினார்கள், தூதர்களையும் புத்தகங்களையும் படங்களையும் அனுப்பிக் கெடுத்தார்கள் என்று புலம்புகிறார்கள். நீயும் அதைத்தானே செய்கிறாய்? தெற்குப் பெண்ணை ஊரை விட்டு வரச் சொல்லித் தூண்டுகிறாய். புத்தகத்தை மட்டும் லாஃப்டன் துரை அனுப்பிவிட்டார்.

என்னிடம் ரோஸெத்தா என்று ஒரு பதினோரு வயதுப் பெண் படிக்கிறாள். முத்திரையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், தெற்குன்னா யாரு?"

"நம்ம ஊரு, நம்ம மாநிலம், சுத்தி இருக்கிற மாநிலமெல்லாம்."

"அப்ப நாமளும் தெற்குதானே? எனக்கொண்ணும் அநீதியாப் படலியே."

கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

இனி நீ பயப்படப்போகிற செய்தி. திங்கட்கிழமை லாஃப்டன் துரையே வந்தார். தொப்பியைக் கழற்றாமல் வகுப்பின் நடுவில் நின்றார். அலமாரியைப் பார்த்து, "புத்தகமெல்லாம் நல்லா வச்சிருக்கியே" என்றார். அவர் அனுப்பியதே அவருக்கு நினைவில்லை. ஒரு அச்சிட்ட தாளை நீட்டினார்.

"தியோடோசியா, ஜனவரி ஒண்ணாம் தேதி பசங்க இதை மேடையில சொல்லணும். திருமதி கார்வில் நேர்ல வந்து கேள்வி கேப்பாங்க."

"சார், அன்னிக்கு எங்க விடுதலை நாளுங்க."

"தெரியும். அதான் நல்ல கூட்டம் இருக்கும்."

தாளில் கேள்வியும் பதிலும். நம் மாநிலம் ஏன் பிரிந்தது? தன் உரிமைகளைக் காக்க. அடிமை முறைக்காகவா? இல்லவே இல்லை. அடிமைகள் எப்படி நடத்தப்பட்டார்கள்? அன்போடு.

வெள்ளையர் பள்ளியில் வாராவாரம் இதை ஒப்பிக்கிறார்களாம். இப்போது எங்கள் முறை. போகும்போது துரை சொன்னார்: "நல்லா சொல்ல வச்சீன்னா அடுத்த வருஷமும் ஒனக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்."

சொல்ல வைக்காவிட்டால் எனக்கு வேலை போகும். பள்ளியையும் மூடலாம். சொல்ல வைத்தால், ஒவ்வொரு வருடமும் அடிமை விடுதலைப் பிரகடனம் வாசிக்கிற அதே தேவாலய மேடையில், அடிமையாக விற்கப்பட்டவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் 'அன்போடு' என்று சொல்ல வேண்டும்.

நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

டோஷா


பிலடெல்பியா
8 டிசம்பர் 1922

டோஷா,

நானாக இருந்தால் சொல்ல வைத்துவிட்டு ரயில் ஏறுவேன். கேட்டாய், சொல்லிவிட்டேன்.

ஒரு வார்த்தைதானே. முன்வரிசைப் பெரியவர்கள் அதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் கேட்டு உயிரோடு இருந்தவர்கள். காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். திருமதி கார்வில் கைதட்டுவாள், வீட்டுக்குப் போவாள். உன் பிள்ளைகள் வெளியே போனதும் அவளைப் போலவே நடந்து காட்டிச் சிரிப்பார்கள். அப்படித்தானே நாம் வளர்ந்தோம்?

புத்தகம் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சரியான பதில் தெரிந்துவிட்டால் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று நினைப்பார்கள். சரியான பதில் எனக்கும் தெரியும். நான் பெட்டி தூக்குகிறேன்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். நூலக வேலைக்கு இன்னும் பதில் எழுதவில்லையே நீ.

லெம்


லோரிங் ஃபெர்ரி
15 டிசம்பர் 1922

அண்ணாவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். பரீட்சைத் தாள்கள் குவிந்து கிடக்கின்றன.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். திருமதி கார்வில் முதல் கேள்வியைக் கேட்கட்டும். ரோஸெத்தா தாளில் உள்ள பதிலைச் சொல்ல மாட்டாள். மாநில அறிக்கையில் அவர்களுடைய முன்னோர்கள் எழுதியதைச் சொல்வாள். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். அவள் தாயிடம் கேட்டுவிட்டேன். "சொல்லட்டும் டீச்சர், பொய்யா சொல்லப் போறா?" என்றாள் அவள். இதில் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்? நான் இல்லாததைச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை அவர்களுக்கே சொல்கிறேன்.

அப்படியும் குற்றம் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தூக்கம் வரவில்லை. குற்றம் கண்டுபிடிக்க அவர்களுக்குக் காரணம் வேண்டியதில்லை.

நீ திட்டியது வலிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ ஏன் ஊரை விட்டுப் போனாய்? எனக்கு அப்போது பதின்மூன்று வயது. காலையில் எழுந்தால் உன் படுக்கை காலியாக இருந்தது. அம்மா சாகும்வரை வாயைத் திறக்கவில்லை. சிலை திறந்த நாளில்தான் போனாய் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நீ பயப்படுவதானால் பயப்படு. எதற்கென்று தெரிந்தால் நானும் அளவோடு பயப்படுவேன்.

டோஷா


பிலடெல்பியா
21 டிசம்பர் 1922

தங்கச்சிக்கு,

சொல்கிறேன். இடெல்லாவுக்கே போன வாரம்தான் சொன்னேன்.

அன்றைக்கு நான், அந்தப் போரில் தெற்குக்காகச் சண்டையிட்ட கிழவர் கேப்டன் ஹண்ட்லியின் குதிரையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். சிலைக்கு மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. தலைநகரத்திலிருந்து வந்திருந்த பேச்சாளர் ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். நம் வீரர்கள் அடிமைகளுக்காகப் போரிடவில்லை, ஒரு கொள்கைக்காகப் போரிட்டார்கள் என்றார். பெண்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்கள்.

கேப்டனுக்கு அப்போதே காது மந்தம். அதனால் அவர் மெல்லச் சொன்னாலும் ஊருக்கே கேட்கும். என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"என்னடா உளர்றான் இவன்? எங்கப்பா பிரியறதுக்குக் கூடின சபையில உக்காந்து கையெழுத்துப் போட்டாரு. அடிமைங்களுக்காகத்தான் பிரிஞ்சோம். பின்ன எதுக்கு, காத்து வாங்கவா?"

நான் சிரித்துவிட்டேன், டோஷா. வேண்டுமென்று இல்லை. வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது. பாதியில் அடக்கிக்கொண்டேன். ஆனால் பாதி வெளியே போய்விட்டது. எல்லாத் தலையும் திரும்பியது.

கேப்டன் சொன்னதற்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லலாம். சிரித்தது யார் என்றுதான் பார்த்தார்கள். அன்று மாலை நாலு பேர் என்னைத் தேடுகிறார்கள் என்று வின்னி அக்கா வந்து சொன்னாள். சரக்கு ரயிலில் பருத்திப் பொதிக்கு நடுவே படுத்து வந்தேன். அவ்வளவுதான் கதை. ஒரு பாதிச் சிரிப்பு.

அதனால்தான் சொல்கிறேன், உண்மை என்ன என்பதைப் பற்றி அந்த ஊருக்கு அக்கறை இல்லை. யார் வாயிலிருந்து வருகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் மடித்து வைத்திருந்தேன். பிறகு ஒன்று தோன்றியது. யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான் விஷயம் என்றால், கேப்டன் உயிரோடு இருக்கிறாரா? இருந்தால் அவரை அழை. திருமதி கார்வில்லுக்குப் பக்கத்திலேயே உட்கார வை. புத்தாண்டுக்கு வின்னி அக்கா ஹாப்பின் ஜான் சமைப்பாள் அல்லவா? அந்தப் பயறுச் சோற்று வாசனைக்கு அந்த மனிதர் கல்லறையிலிருந்தும் எழுந்து வருவார்.

நல்லவர் என்று நினைத்துவிடாதே. அவர் நம் ஆள் இல்லை. பொய் சொல்லத் தெரியாத கெட்டவர். இப்போதைக்கு அது போதும்.

பயத்தோடுதான் இதைத் தபாலில் போடுகிறேன்.

உன் அண்ணன்
லெம்


லோரிங் ஃபெர்ரி
3 ஜனவரி 1923

என் அன்பு அண்ணா,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன், நீ கடைசி வரியைத் தேடி ஓடாமல் இருக்க.

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்தது. வின்னி அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "கிழவன் இருக்கானே! அவன் துணியை நான்தானே வெளுக்கறேன். பன்னிக்கால் போட்டு ஆக்கறேன்னு சொன்னா பல்லு செட்டைத் தேடி எடுத்துட்டு வந்துடுவான்" என்றாள்.

வந்தார். பேரன் காரில் கொண்டுவந்து இறக்கினான். பழைய சாம்பல் நிறச் சீருடை. மார்பில் பித்தளைப் பொத்தான்கள், நடுவே ஒன்றைக் காணோம். கேப்டன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் திருமதி கார்வில்லின் முகம் மலர்ந்துவிட்டது. தன் நிகழ்ச்சியைப் பார்க்க அவரே வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். லாஃப்டன் துரை அவளுக்கு இந்தப் பக்கம். வெள்ளையருக்கென்று போட்ட பெஞ்சில் மூன்றே பேர். எதிர்ப்புறத்து முன்வரிசையில் நம் பெரியவர்கள் ஏழு பேர், எல்லோரும் விற்கப்பட்டவர்கள் அல்லது விற்கப்படுவதற்குள் விடுதலையானவர்கள். அவர்களுக்குப் பின்னால் தேவாலயம் முழுக்க, சன்னல் விளிம்பு வரைக்கும் நம் சனங்கள்.

பாட்டு முடிந்தது. பாஸ்டர் பிரகடனத்தை வாசித்தார். அப்புறம் திருமதி கார்வில் எழுந்து கையுறையைக் கழற்றினாள், தாளைப் பிரித்தாள்.

"சொல்லுங்க செல்லங்களா. நம்ம மாநிலம் ஏன் பிரிஞ்சுது?"

ரோஸெத்தா ஒரு அடி முன்னால் வந்தாள். தைத்துக் கொடுத்த வெள்ளைக் கவுன், கஞ்சி மொடமொடப்பு. நிறுத்திவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

"மரியாதைக்குரிய நம் மாநிலச் சபை, 1860 டிசம்பரில் கூடி, உலகுக்கு அறிவித்த காரணங்கள்!" என்று ஆரம்பித்தாள்.

திருமதி கார்வில் நிமிர்ந்து நின்றாள். சபையின் பெயரைக் கேட்டதும் கை தானாக நெஞ்சுக்குப் போய்விட்டது. அந்தச் சபையில் கையெழுத்திட்டவர்கள் பெயரில்தான் இந்த ஊர்த் தெருக்களெல்லாம் இருக்கின்றன. அறிக்கையை மட்டும் அவள் படித்ததே இல்லை என்று நினைக்கிறேன். படித்திருந்தால் அந்த நிமிடமே இருமியாவது இருப்பாள்.

ரோஸெத்தா நிறுத்தாமல் போனாள். வட மாநிலங்கள் அடிமை முறையைப் பாவம் என்று பழித்தன. எங்கள் அடிமைகளில் ஆயிரக்கணக்கானோரை வீட்டை விட்டுப் போக ஊக்குவித்தன. எஞ்சியவர்களைத் தூதர்களாலும் புத்தகங்களாலும் படங்களாலும் கலகத்துக்குத் தூண்டின. அடிமை முறைக்குப் பகையான ஒருவரை நாட்டின் தலைவராகவும் தேர்ந்தெடுத்துவிட்டன. ஆகவே பிரிகிறோம்.

நெஞ்சில் வைத்த கையை எப்போது எடுப்பது என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. லாஃப்டன் துரை தன் தொப்பிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இது... இது தாள்ல இல்லையே," என்றாள் அவள். "பாப்பா, நீ தப்பா..."

"அதேதான்!" என்று ஒரு சத்தம்.

கேப்டன். ஒரு கை காதில், ஒரு கை தடியில். தடியால் தரையைத் தட்டினார்.

"அதேதான்! சொல்லுக்குச் சொல்லு சரி! எங்கப்பா கையெழுத்துப் போட்டது. இந்தப் பொண்ணுக்காவது ஒழுங்காச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆக்டேவியா கார்வில், ஒங்க பசங்க போன மாசம் என்னமோ உளறிச்சே, உரிமை, கொள்கைன்னு? எதுக்காகச் சண்டைக்குப் போனோம்னு எனக்குத் தெரியாதா? நான் போனேன்ல!"

திருமதி கார்வில் கேப்டனைப் பார்த்தாள், சிறுமியைப் பார்த்தாள். யாரை மறுப்பது? சிறுமி பொய் சொல்கிறாள் என்றால் சபை பொய். சபை பொய் என்றால் கேப்டனின் அப்பா பொய். உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கேள்வியே கேட்கவில்லை, அண்ணா. அந்த 'அன்போடு' வரவே இல்லை.

கேப்டன் கைதட்டினார். அவருக்கு அது பெருமை. எங்கள் பெரியவர்கள் ஏழு பேரும் கைதட்டினார்கள். அவர்களுக்கு அது சாட்சியம். ஒரே வார்த்தைகளுக்கு இரண்டு பக்கமும் கைதட்டியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இனியும் பார்க்கமாட்டேன்.

அப்போது கேப்டன் நடுவில் இருந்த அம்மாளைத் தாண்டிக் குனிந்து, நீ எழுதிய அந்த 'மெல்லிய' குரலில் லாஃப்டன் துரையைக் கேட்டார்: "பயறுச் சோறு எப்பப் போடுவாங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரென்று இப்போதும் தெரியாது. எனக்கு உன் முகம்தான் தெரிந்தது, குதிரையைப் பிடித்துக்கொண்டு. பிறகு வின்னி அக்கா சமையல் வாசலில் கரண்டியோடு நின்று சிரித்தாள். பாஸ்டர் சிரித்தார். ஏழு பெரியவர்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். தேவாலயமே சிரித்தது. கேப்டனும் காரணம் தெரியாமல் சிரித்தார். லாஃப்டன் துரையின் உதடுகூட ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. யாரும் திரும்பி யார் சிரித்தது என்று தேடவில்லை. தேடினால் எல்லோரையும் அல்லவா பிடிக்க வேண்டும்?

நீ பாதியில் விட்டுப்போனாயே, அந்தச் சிரிப்பை நாங்கள் சிரித்து முடித்துவிட்டோம், அண்ணா.

வெளியே போகும்போது லாஃப்டன் துரை, "வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வா" என்றார். அது என்ன என்று தெரிந்ததும் எழுதுகிறேன்.

டோஷா


பிலடெல்பியா
9 ஜனவரி 1923

டோஷா,

ஆபீசில் என்ன ஆயிற்று? உடனே எழுது.

உன் கடிதத்தை நிலையத்தில்தான் படித்தேன். ஒரு சீமாட்டியின் மூன்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பாதி படித்துவிட்டு மடித்து வைத்திருந்தேன், அடக்க முடியாமல் நடைமேடையில் வைத்தே மீதியைப் படித்தேன். 'பயறுச் சோறு எப்பப் போடுவாங்க' என்ற இடத்தில் மூன்று பெட்டியும் கீழே. "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். "இல்லைங்க, ஊர்லேருந்து நல்ல சேதி" என்றேன்.

"எந்த ஊர்?" என்றாள்.

பன்னிரண்டு வருடமாக யார் கேட்டாலும் பிலடெல்பியா என்றுதான் சொல்லி வந்தேன். நாக்கு தானாக "தெற்குங்க" என்றது. அந்த ரோஸெத்தாவின் வேலை.

நூலகத்துக்காரருக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உன் இஷ்டம். இடெல்லா திரைச்சீலையை மாட்டிவிட்டாள். அழகாகத்தான் இருக்கிறது.

லெம்


லோரிங் ஃபெர்ரி
20 ஜனவரி 1923

அன்புள்ள அண்ணா,

அண்ணியிடம் மன்னிப்புக் கேள். திரைச்சீலைக்குப் பின்னால் நான் கோடையில் ஒரு மாதம் வந்து தூங்குகிறேன். நூலகத்து வேலைக்கு வேறு நல்ல பெண்ணாகப் பார்க்கச் சொல். இங்கே ஒரு நூலகம் தானாக வந்து சேர்ந்துவிட்டது. அதை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

ஆபீஸ் கதை இது. போனேன். நாற்காலி தரவில்லை, நின்றுகொண்டிருந்தேன். மேசையில் திருமதி கார்வில்லின் கடிதம் விரிந்து கிடந்தது. லாஃப்டன் துரை என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துப் பேசினார்.

"அந்தப் பொண்ணு அதை எங்க படிச்சா?"

"நீங்க அனுப்பின புத்தகத்துலதாங்க சார்."

அவர் முகத்தில் பெட்டி, வண்டி, கோவேறு கழுதை எல்லாம் வரிசையாக வந்து போனதைப் பார்த்தேன்.

"நான் என்ன அனுப்பினேன்?"

"பெட்டியில..."

"ரெண்டு உடைஞ்ச பெஞ்சு அனுப்பினேன்," என்றார். "திருமதி கார்வில் குடுத்த புத்தகத்தை எல்லாம் எரிச்சுட்டேன்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்கேன். வெளங்குதா?"

"வெளங்குதுங்க சார்."

"எரிச்ச புத்தகத்தை நான் எப்படித் திருப்பிக் கேக்கறது?"

"கேக்க முடியாதுங்க."

"முடியாது. போ." நான் கதவுக்கு வந்த பிறகு, "தியோடோசியா" என்றார். அப்போதும் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மா இன்னும் நூலகத்துல ரெண்டு அலமாரி பார்த்து முடிக்கல. மார்ச்சுல இன்னொரு பெஞ்சு வரும். எடம் பண்ணி வை."

சோம்பலா, சங்கடமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. மனிதரைப் பற்றி அவசரப்பட்டு நல்லதாக முடிவு செய்யக்கூடாது என்று நீதான் எழுதினாய். சம்பளம் அதே சம்பளம், கூரை அதே ஒழுகல். அடுத்த வருடமும் பள்ளி உண்டு.

பிள்ளைகள் இப்போது புத்தகத்தைத் திறந்ததும் முதலில் முத்திரையைத் தேடுகிறார்கள். முத்திரை இல்லாத புத்தகத்தை ரோஸெத்தா தொடுவதில்லை. "அதுல ஒண்ணும் இருக்காது டீச்சர்" என்கிறாள்.

டோஷா


பிலடெல்பியா
11 மார்ச் 1923

அன்புத் தங்கச்சிக்கு,

ஈஸ்டருக்கு நாலு நாள் விடுமுறை கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். நானும் இடெல்லாவும் வருகிறோம். வின்னி அக்காவிடம் அந்த நாலு பேரைப் பற்றி விசாரித்து எழுதச் சொல்லியிருந்தேன். அன்றைக்குத் தேடியவர்களில் ஒருவன் செத்துவிட்டான், இரண்டு பேர் வண்டு தின்ற நிலத்தை விற்றுவிட்டு வடக்கே போய்விட்டார்களாம். நான்காமவனுக்கு என்னை அடையாளம் தெரியாது, அவ்வளவு பருத்துவிட்டேன். பகல் வண்டியிலேயே வருகிறேன். சரக்கு வண்டியில் இல்லை, இருக்கையில் உட்கார்ந்து.

சிலைப் பக்கமாகத்தான் நடந்து வரவேண்டும், வேறு வழி இல்லை. பயப்படாதே, சிரிக்க மாட்டேன். மீதிச் சிரிப்பை நீங்களே சிரித்து முடித்துவிட்டதாக எழுதினாயே.

வின்னி அக்காவிடம் சொல், புத்தாண்டு முடிந்துவிட்டது என்று காரணம் சொல்லக் கூடாது. பயறுச் சோறுதான் வேண்டும். அன்றைக்குக் கேப்டன் சாப்பிட்டார், எல்லோரும் சாப்பிட்டீர்கள், நான் மட்டும்தான் இன்னும் சாப்பிடவில்லை.

சாப்பிட்டு முடித்த பிறகு அந்தப் பெண் ரோஸெத்தாவைக் கூப்பிடு. எனக்குப் படித்துக் காட்டட்டும். முதல் பக்கத்திலிருந்து. மார்ச் மாதப் பெஞ்சு வந்துவிட்டதா? வந்திருந்தால் திரும்பும்போது எடுத்துப்போக எனக்கும் ஒன்று ஒதுக்கி வை. முத்திரை குத்தியதாகப் பார்த்து.

லெம்